ஆடுகிற லைனுக்குத் தண்டனை

இந்த ஊரில் இன்டர்நெட் வேலை பார்க்கிறவர்கள் என்னை "லீக் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு நேராக இல்லை. முதுகுக்குப் பின்னால், வாட்ஸ்அப் குழுவில், டீக்கடையில். ஃபைபர் ஒட்டுகிற ஆள் ஒருமுறை போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "லீக் அக்காதான், உடனே வரச் சொல்லுது" என்றார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த லீக்கை நான் செய்யவில்லை. செய்தவன் வேறொருத்தன். எந்த மேசையில் என் பெயரைக் கெடுத்தானோ அதே மேசையில், அதே முதலாளி முன்னால், "நான்தான் செய்தேன்" என்று அவன் வாயால் சொல்ல வைக்கவேண்டும் என்று மூன்று வருடம் கறுவிக்கொண்டு இருந்தேன். இதை நல்ல மனசோடு எழுதவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆபீஸ் புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது. முதலாளியின் குடும்பம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த குடும்பம். சொல்தா வீடு என்று சொல்வோம். அவரும் பாதி வாழ்க்கையைப் பிரான்சில் கழித்துவிட்டு வந்து, கேபிள் டிவிக்காரர் ஒருவரிடமிருந்து லைன்களை வாங்கி இன்டர்நெட் கம்பெனி ஆரம்பித்தவர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சில் 'ஐயா'. ரவுட்டர் பக்கம் இரண்டே பேர், நானும் அவனும். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட ஆறே மாதம் சின்னவன், ஆனால் வாய்க்கு வாய் அக்கா. "அக்கா, டீ சொல்லட்டா?" "அக்கா, நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்." அந்தப் 'பாத்துக்கறேன்'தான் என்னைக் குழியில் தள்ளியது.

எங்கள் தொழிலில் உலகம் முழுக்க ஒரு வழக்கம் உண்டு. ரவுட்டரில் எதையாவது மாற்றவேண்டும் என்றால் ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்து, நடு ராத்திரியில் மாற்றுவார்கள். புதுச்சேரியில் அது நடக்காது. இங்கே ராத்திரி ஆனால்தான் பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் வேலை முடிந்து வீட்டுக்கு வருவார்கள். வீட்டுக்கு வீடு வீடியோ கால் ஓடும். அப்போது லைனில் கை வைத்தால் ஆபீஸ் கதவை உடைத்துவிடுவார்கள். இந்த ஊர் உண்மையில் தூங்குவது மத்தியானம்தான். ஒன்றரைக்கு இறங்கும் கடை ஷட்டர் நாலு மணிக்குத்தான் ஏறும். "சியெஸ்த் நேரத்துல எதை வேணா அறுத்துப் போடுங்க, ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்பார் முசியே. ஆகவே எங்கள் பராமரிப்பு வேலை எல்லாம் ஒன்றரையிலிருந்து மூன்றரைக்குள். இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து செய்யவேண்டும் என்பது அவர் போட்ட விதி.

ஊர் தூங்கும்போது எங்களுக்கும் தூக்கம் வரும் என்பதுதான் சங்கடம். அதற்கு நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர் தன் பெயரில் ரவுட்டருக்குள் நுழைந்து திறந்தே வைத்துவிடுவார். சாயங்காலம்வரை இரண்டு பேருக்கும் அதே திரை. மத்தியானம் ஒருவர் வேலையைப் பார்ப்பார், இன்னொருவர் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிவிட்டு வருவார். முறைவைத்து மாற்றிக்கொள்வோம். முசியேவுக்குத் தெரியாது. அவரும் அந்த நேரம் தூங்கிக்கொண்டுதானே இருப்பார்.

அந்த நாள் நான் வீட்டுக்குப் போகிற முறை. முத்தியால்பேட்டையில் வீடு. சங்கரா மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே விழுந்தேன்.

என்ன நடந்தது என்று சொல்ல, இதை மட்டும் விளக்கவேண்டும். இன்டர்நெட் ஒரே வலை இல்லை. ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் வலைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொருவரும் பக்கத்து வலைக்காரரிடம், "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, என் வழியாக அனுப்பு" என்று அறிவிக்கவேண்டும். பக்கத்து வலைக்காரர் நம்புவார். அவர் தன் பக்கத்துக்காரருக்குச் சொல்வார். முழுக்க முழுக்க வாய்ச்சொல்லை நம்பி ஓடுகிற பிழைப்பு. அதனால்தான் நம் முகவரிகளை மட்டுமே நாம் அறிவிக்கும்படி ஒரு வடிகட்டி போட்டிருப்போம். எங்களுக்குச் சென்னையில் இரண்டு பெரிய கம்பெனிகளோடு தொடர்பு இருந்தது. அன்று மத்தியானம் அவன் அந்த வடிகட்டியைத் திருத்துவதற்காக எடுத்தான். புதியதைப் போடுவதற்கு முன்னால் பொத்தானைத் தட்டிவிட்டான்.

அவ்வளவுதான். லாஸ்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் லைன் கொடுக்கிற எங்கள் கம்பெனி, உலகத்துக்கே வழி என் வழியாகத்தான் என்று அறிவித்துவிட்டது. சென்னைக் கம்பெனிகளில் ஒன்று அதைச் சில நிமிடம் நம்பியும் தொலைத்தது. எங்கெங்கோ போகவேண்டிய போக்குவரத்து எல்லாம் எங்கள் சந்துக்குள் நுழையப் பார்த்தது. பிறகு இரண்டு கம்பெனிகளும் எங்களை வெட்டிவிட்டன. ஊரில் எங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் சாயங்காலம்வரை லைன் இல்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் ரூட் லீக்.

மறுநாள் காலை முசியே எங்கள் இரண்டு பேரையும் தன் பெரிய மேசை முன்னால் நிற்க வைத்தார். ரவுட்டர் பதிவில் என் பெயர் இருந்தது. காலையில் முதலில் வந்தவள் நான்தானே.

"யாரு பண்ணது?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்காதான் ஏதோ மாத்திகிட்டு இருந்தாங்க முசியே. நான் கீழ இருந்தேன்" என்றான்.

நான் கத்தினேன். "பொய் முசியே! நான் ஆபீஸ்லயே இல்ல. வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"வேலை நேரத்துல தூங்கப் போயிட்டேன்னு நீயே சொல்றியா? உன் பேரைத் தொறந்து போட்டுட்டு?" அவர் குரலை உயர்த்தவில்லை. "தப்பு எல்லாரும் பண்றதுதாம்மா. ஒத்துக்கோ, விட்டுடறேன்."

"பண்ணாத தப்பை எப்படி ஒத்துக்கறது?"

"அக்கா, விடுங்க, ஒத்துக்குங்க" என்றான் அவன். எவ்வளவு நெஞ்சழுத்தம்! எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு!

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முசியே சென்னைக் கம்பெனிகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். தவறு செய்தவர் என்று என் பெயரைப் போட்டார். அந்தக் கடிதம் கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கச் சுற்றியது. அந்த மாதமே வேலையை விட்டேன். தூங்கப் போனது என் தப்பு. திரையைத் திறந்து போட்டுவிட்டுப் போனதும் என் தப்பு. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொத்தானைத் தட்டிய விரல் என்னுடையது இல்லை.

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம், "நீங்கதானே அந்த..." என்று ஆரம்பித்து ஒரு சிரிப்பு. கடைசியில் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், அண்ணன்களின் கேபிள் தொழிலை இன்டர்நெட் கம்பெனியாக மாற்றியவர், என்னைச் சேர்த்துக்கொண்டார். "தூங்காம இருந்தா சரி" என்றார். அதோடு முடித்துக்கொண்டார், நல்ல மனுஷி. அங்கே நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவேன்.

இரண்டு வருடம் போனது. எதிரெதிர் வீடுகள், ஒன்றில் எங்கள் லைன், இன்னொன்றில் முசியேவின் லைன். ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு ஒரு படம் அனுப்பினால் அது சென்னைவரை போய்த் திரும்பி வந்தது. இந்தக் கூத்து வேண்டாம், ஊருக்குள்ளேயே நேராக இணைத்துக்கொள்வோம் என்று எங்கள் முதலாளி மேடமும் முசியேவும் பேசி முடித்தார்கள். இரண்டு ஆபீசுக்கும் நடுவே ஃபைபர் போட்டார்கள். எங்கள் முனையில் நான். அந்த முனையில் அவன். இப்போது அவன் நெட்வொர்க் ஹெட்.

"அக்கா! எப்டி இருக்கீங்க? பழசெல்லாம் மனசுல வச்சிக்காதீங்க" என்றான் போனில்.

"எதைத் தம்பி?" என்றேன்.

அவனுடைய கைப்பழக்கம் எனக்கு அத்துப்படி. ரவுட்டரில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் தொடர்பையே அணைத்துவிட்டு மறுபடி போடுவான். பதமாகச் செய்ய வழி இருக்கிறது. அவனுக்குப் பொறுமை கிடையாது. படம் தெரியவில்லை என்றால் டிவியின் தலையில் தட்டுகிற ஜாதி. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அவனுடைய முகவரிகள் எல்லாம் என் ரவுட்டரிலிருந்து மறையும். போட்டதும் திரும்ப வரும். மத்தியான வேலை நேரத்தில் மூன்று தடவை, நாலு தடவை இப்படி நடக்கும். லைன் ஆடுகிறது என்று சொல்வோம்.

ஆடுகிற லைனுக்கு ரவுட்டரிலேயே ஒரு தண்டனை இருக்கிறது. வா என்கிறான், வராதே என்கிறான், மறுபடி வா என்கிறான். இவன் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்கவேண்டாம் என்று ஒதுக்கி வைக்கிற ஏற்பாடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தண்டனைப் புள்ளி ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் அவனுடைய அறிவிப்பு என் காதில் விழாது. சும்மா இருந்தால் புள்ளி தானாகக் குறைந்து, தானாக விடுதலை. சும்மா இருக்காமல் மறுபடி அணைத்துப் போட்டால் தண்டனை நீளும். இதைக் கடுமையாக வைக்கக்கூடாது என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவன் ஒருவனுக்கு மட்டும், இரண்டு ஆட்டத்துக்கே வெளியே போகும்படி, போனால் இரண்டு மணி நேரம் உள்ளே வர முடியாதபடி வைத்தேன். வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். அப்படி ஒரு ருசியான டீயை அதற்கு முன் குடித்ததில்லை.

முதலில் அலறியது எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலை. தொழிற்சாலையில் முசியேவின் லைன், டவுனில் இருக்கும் அதன் தலைமை ஆபீசில் எங்கள் லைன். நேர்வழி மூடியதும் எல்லாம் சென்னையைச் சுற்றிக்கொண்டு வந்தது. கேட்டில் இருக்கும் கேமராவின் படம் உறைந்து நின்றது. லாரி உள்ளே வந்து சரக்கு இறக்கிய பிறகும் திரையில் கேட்டுக்கு வெளியேவே நின்றது. மேனேஜர் அவனைத்தான் பிடித்தார். அவன் என்ன செய்வான்? அணைத்துப் போட்டான். தண்டனை ஏறியது. மறுபடி அணைத்துப் போட்டான். இன்னும் ஏறியது.

"அக்கா, உங்க பக்கம் எதனா பிரச்சனையா?"

"இல்லியே தம்பி. எங்க பக்கம் சுத்தமா இருக்கு. உன் லைன்தான் ஆடுது. நல்லாப் பாரு."

பார்த்தான், பாவம். ஃபைபர் மாற்றினான். ரவுட்டரின் அட்டையை மாற்றினான். எங்கோ ஜேசிபி தோண்டியதில் கேபிள் நசுங்கியிருக்கும் என்று யாரோ சொல்ல, கொளுத்துகிற வெயிலில் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தான். எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழேயே ஒரு நாள் போனான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரே தூங்குகிற நேரம். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. வேணும், நல்லா வேணும் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். ஆறு வாரம் இப்படி ஓடியது. அந்த ஆறு வாரத்தில் நான் ஒரு நாள்கூட வாடிய முகத்தோடு இருந்ததில்லை என்று மேடமே சொன்னார்.

தொழிற்சாலை மேனேஜர் பொறுமை இழந்து, இரண்டு கம்பெனிகளையும் ஒன்றாக உட்காரச் சொன்னார். முசியேவின் ஆபீசில், அந்த மேசையில். இதற்காகத்தானே காத்திருந்தேன். என் திட்டம் இதுதான்: முதலில் அவனுடைய லைன் எத்தனை முறை ஆடியது என்ற பட்டியலை வைப்பேன். உங்கள் ரவுட்டர் பதிவை எடுங்கள், அணைத்தது யார் என்று பாருங்கள் என்பேன். அவன் தடுமாறுவான். அந்த நிமிடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்பேன்: அன்றைக்கு என் திரையில் உட்கார்ந்தது யார்? பட்டியலை அச்சடித்து, கோப்பில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இந்த வாரத்துக்குள்ள சரியாவலன்னா ரெண்டு பேர் லைனும் வேணாம்" என்றார் மேனேஜர்.

நான் கோப்பைத் திறப்பதற்குள் அவன் எழுந்து நின்றான்.

"என் தப்புதான் முசியே. நான்தான் தொடர்பைத் திரும்பத் திரும்ப அணைச்சி அணைச்சிப் போட்டேன். அதனாலதான் ஆடுது. அக்கா பக்கம் சுத்தமா இருக்கு. இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

மேனேஜர்கூடச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இப்படி வந்து நிற்கிறவனை என்னவென்று திட்டுவது? முசியே அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாம்மா? தப்பு பண்ணா இப்டிச் சொல்லணும். அன்னிக்கு நீ இதை மட்டும் சொல்லியிருந்தா உன்னை நான் வேலையை விட்டுப் போகவே விட்டிருக்க மாட்டேன்."

மூன்று வருடமாக நான் கேட்கத் துடித்த வார்த்தை, அதே மேசையில், அதே ஆள் முன்னால் வந்துவிட்டது. வேறொரு தப்புக்கு. அதுவும் முக்கால்வாசி நான் செய்த தப்புக்கு. வாயைத் திறந்தால் என் தண்டனை வெளியே வரும். மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மூடிக்கொண்டேன். கோப்பு மடியிலேயே இருந்தது.

படியில் இறங்கும்போது அவன் பின்னால் வந்தான். மற்றவர்கள் மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு மணி நேரம்க்கா. ஒவ்வொரு தடவையும் கடைசியா அணைச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரம், நிமிஷம் பிசகாம. கெட்டுப்போன லைன் கடிகாரம் பாத்தா திரும்பும்? எனக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சிருந்தும் மேல எல்லார் முன்னாடியும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க அந்தப் பழைய கதையை எடுப்பீங்க."

"எடுப்பேன்டா. அன்னிக்குப் பண்ணது நீதானே?"

தெருவைப் பார்த்தான். "நான்தான்" என்றான்.

யாரும் இல்லாத மாடிப்படியில், மெதுவாக, ரகசியம் சொல்கிற மாதிரி.

"இன்னிக்கு ஒத்துக்கிட்டேன், திட்டோட போயிடும். அதை ஒத்துக்கிட்டா வேலை போயிடும்க்கா. சின்னப் பிள்ளைங்க இருக்கு. நீங்க அந்தத் தண்டனையை எடுத்துடுங்க. நானும் வாயைத் தொறக்க மாட்டேன்."

பாவி. எவ்வளவு பதமாகப் பேசினான்! எதை ஒத்துக்கொண்டால் நல்ல பெயர், எதை ஒத்துக்கொண்டால் நாசம் என்று தரம் பிரித்து, நல்ல பெயர் வருவதை மட்டும் எடுத்துக்கொண்டான். ரவுட்டரில் இல்லாத பொறுமை அவனுக்கு இதில் இருந்திருக்கிறது.

ஆபீஸ் திரும்பினேன். மேடம் என் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்று, "சரி பண்றானா பாரு" என்றார். வேறு வழி இல்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போன நிமிடத்தில் தண்டனையை எடுத்தேன். அவன் முகவரிகள் எல்லாம் என் திரையில் வரிசையாக வந்து நின்றன. தொழிற்சாலையின் கேட்டில் லாரி நகர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் கும்பிடு போட்டார். "வெல்டன் தம்பி" என்று எங்கள் மேடமே எழுதினார். முசியே பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி போட்டார், அவனுக்கு. இரண்டு நாள் கழித்து அதே குழுவில் வேறு யாரோ கேட்டிருந்தார்கள்: லீக் அக்கா கம்பெனியோட நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?

நாலு மாதம் யோசித்தேன். அவன் செய்ததைச் சொன்னால் நான் செய்ததை அவன் சொல்வான். அதை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறான். அந்த நிம்மதியை எடுக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. நான் செய்ததை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. நேற்று மேடத்திடம் சொன்னேன். ஆறு வாரமும், ஒவ்வொரு ஆட்டமும், ஜன்னலில் நின்றது உட்பட. அவர் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. திரையை மட்டும் இனி வேறொருவர் பார்ப்பார் என்றார். சரி என்றேன்.

முசியேவுக்குப் பிரெஞ்சு சரளம்; தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இத்தனை பக்கத்தை அவர் படித்து முடிக்க ஒரு வாரம் ஆகும். அதனால் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் தனக்கும் அவனுக்கும் காபி வரவழைத்துக்கொண்டு மேசையில் உட்காருவார். அப்போது போய் எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து இந்த வரிவரைக்கும் சத்தமாகப் படிக்கப்போகிறேன்.